நேர்ப்பட்டையில் வட்டம் வரும்! லாக் கேபின் விரிப்பு தைக்கும் கணக்கு



சில வாரங்களுக்கு முன் மண்ணிவாக்கம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல், உள்கடன் தவணை எல்லாம் முடிந்து நோட்டை மூடும் நேரத்தில் ஒரு அக்கா கேட்டார்: "மேடம், அந்த வட்ட வட்டமா வர்ற விரிப்பு எப்படித் தைக்கிறது? எங்க வீட்ல வெட்டுத்துணி ரெண்டு மூட்டை சும்மாவே கிடக்குது."

இதே கேள்வியை இன்னும் சில குழுக்களிலும் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் வாயால் சொல்லி, பாதி மறந்து, அளவு மாறிப்போவதை விட இங்கே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. தையல் தெரிந்தவர்கள் கையில் டேப்பை வைத்துக்கொண்டு படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குக் குழுவில் யாராவது ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஏன் என்று பின்னால் தெரியும்.

லாக் கேபின் என்றால் என்ன?

நம் வீடுகளில் பழைய சேலையை நாலாக மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்போம் இல்லையா? அது போலத்தான் குவில்ட். மேலே ஒட்டுத்துணி, நடுவில் மெத்தென்று ஒரு துணி, அடியில் ஒரு துணி. மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் தைத்தால் குவில்ட்.

மேல்பக்கத்து ஒட்டுத்துணியில் பல மாதிரிகள் உண்டு. அதில் ஒன்றுதான் லாக் கேபின். மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுகிற சின்ன வீட்டுக்கு அமெரிக்காவில் அந்தப் பெயர். 1860-களில் அங்கே இந்த மாதிரி நன்றாகப் பரவியது. நடுவில் ஒரு சதுரத் துண்டு. அதைச் சுற்றி நாலு பக்கமும் பட்டை பட்டையாகத் துணியைத் தைத்துக்கொண்டே போவது. பெரும்பாலும் நடுத்துண்டு சிவப்பாக இருக்கும். அதை வீட்டின் அடுப்பு என்று சொல்வார்கள். இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம். அடுப்பு வெளிச்சம் படும் பக்கமும் நிழல் பக்கமும் போல.

நம் நாட்டிலேயே இதற்கு நேர் எதிராகத் தைப்பவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் சித்தி என்ற மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் பழைய துணியில் கவண்டி என்ற போர்வையைத் தைக்கிறார்கள். ஒரு சேலையை விரித்து, ஓரத்து மூலையில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றித் தைத்து நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த சின்னத் துண்டுகளைப் பூ போல வைப்பார்கள். கவண்டி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. லாக் கேபின் உள்ளேயிருந்து வெளியே போகிறது.

எங்களுக்கு வந்த சிக்கல்

தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1984-ல் ஆரம்பித்த ஏற்றுமதி வளாகம். நம் குழுப் பெண்கள் பலர் அங்கே கார்மெண்ட் வேலைக்குப் போயிருக்கிறார்கள். நம் பக்கத்துத் தையல் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சுகிற துணி, வியாபாரிகள் கைமாறி கிலோ கணக்கில் நமக்கும் வந்து சேர்கிறது.

முடிச்சூர் பக்கம் நான் பார்க்கிற ஒரு குழு, உள்கடன் எடுத்து அப்படி மூன்று மூட்டை வாங்கியது. பிரித்துப் பார்த்தால் அடர் நிறத் துணி நல்ல அகலமாக இருக்கிறது. வெளிர் நிறம் எல்லாம் சட்டைத் துணி ஓரங்கள், ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் அகலம்தான். சாதாரண லாக் கேபினில் எல்லாப் பட்டையும் ஒரே அகலம். ஒன்றரை இஞ்சுக்கு வெட்டலாம் என்றால் வெளிர் துணியில் பாதிக்கு மேல் ஓடிப்போகும்.

"அப்ப ரெண்டு பக்கம் ஒல்லியா, ரெண்டு பக்கம் தடியா வச்சாத்தான் என்ன?" என்று ஒரு பெண் கேட்டார். நல்ல கேள்வி. அப்படி ஒரு வகை உண்மையிலேயே உண்டு. ஒரு பக்கம் ஒல்லிப் பட்டை, மறுபக்கம் அகலப் பட்டை வைத்தால் நடுத்துண்டு நடுவில் நிற்காது. ஒரு மூலைப்பக்கம் நகர்ந்துவிடும். கூடவே வெளிரும் அடரும் சந்திக்கிற கோடும் வளைந்துவிடும். வளைத்து வெட்டுவதே கிடையாது, எல்லாம் நேர்ப்பட்டை. ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் வட்டம்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்து பார்த்து அளவு கண்டுபிடித்தோம். அந்தக் கணக்குதான் இது.

வெட்ட வேண்டிய அளவு

ஒரு கட்டத்திற்கு மூன்று விதத் துண்டு:

நடுத்துண்டு: 2½ இஞ்ச் சதுரம், ஒன்று.
வெளிர்ப் பட்டை: அகலம் 1 இஞ்ச்.
அடர்ப் பட்டை: அகலம் 1½ இஞ்ச்.

எல்லாத் தையலுக்கும் கால் இஞ்ச் விட வேண்டும். அதனால் 1 இஞ்ச் பட்டை தைத்தபின் அரை இஞ்ச் தெரியும். 1½ இஞ்ச் பட்டை 1 இஞ்ச் தெரியும்.

பட்டைகளின் நீளம் சுற்றுவாரியாக:

முதல் சுற்று: வெளிர் 2½, வெளிர் 3, அடர் 3, அடர் 4.
இரண்டாம் சுற்று: வெளிர் 4, வெளிர் 4½, அடர் 4½, அடர் 5½.
மூன்றாம் சுற்று: வெளிர் 5½, வெளிர் 6, அடர் 6, அடர் 7.
நான்காம் சுற்று: வெளிர் 7, வெளிர் 7½, அடர் 7½, அடர் 8½.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கட்டத்தை அளந்தால் 4, 5½, 7, 8½ இஞ்ச் சதுரம் வர வேண்டும். சுற்றுக்கு ஒன்றரை இஞ்ச் கூடுகிறது. இந்த நாலு எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட்டத்தை மற்றதோடு சேர்த்துத் தைத்தபின் 8 இஞ்ச் நிற்கும்.

ஒரு கட்டத்திற்கு மொத்தம் வெளிர்ப் பட்டை 40 இஞ்ச், அடர்ப் பட்டை 46 இஞ்ச் நீளம் வேண்டும். 16 கட்டம் என்றால் வெளிர் 640, அடர் 736 இஞ்ச். மூட்டையைப் பிரிக்கும்போதே இது தேறுமா என்று பார்த்துவிடலாம்.

துணி பிரிக்கும்போது கவனிக்க வேண்டியவை

பனியன் துணி இழுத்தால் நீளும். நெய்த துணியோடு அதைச் சேர்க்காதீர்கள், சுருங்கி இழுத்துவிடும்.

பட்டையைத் துணியின் நூல் ஓடும் திசையிலேயே வெட்டுங்கள். கிராஸாக வெட்டிய பட்டை மிஷினில் போகும்போதே நீண்டுவிடும்.

சாயம் போகுமா என்று முன்பே நனைத்துப் பாருங்கள். ஈரத் துணியை ஒரு வெள்ளைத் துணியில் அழுத்தினால் தெரிந்துவிடும். சிவப்பு, கருநீலம் இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வெளிரா அடரா என்று சந்தேகம் வந்தால் துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். மங்கிப்போய்த் தெரிவது அடர். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அந்தத் துணிகளைப் பக்கத்தில் வைக்காதீர்கள். வட்டம் தெரியாது.

தைக்கும் முறை

1. நடுத்துண்டின் மேல் முதல் வெளிர்ப் பட்டையை நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, ஒரு ஓரத்தில் கால் இஞ்ச் விட்டுத் தைக்கவும்.

2. பட்டையைத் திறந்து, தையலை வெளிப்பக்கமாகப் படிய விட்டு இஸ்திரி போடவும். பெட்டியைத் தேய்த்து இழுக்க வேண்டாம், வைத்து எடுத்தால் போதும். கரண்ட் இல்லாத நேரத்தில் நகத்தால் கீறிப் படிய விடலாம்.

3. இப்போது தைத்த பட்டை மேல்பக்கம் இருக்கும்படி துண்டைத் திருப்பவும். அடுத்த பட்டையை வலப்பக்க ஓரத்தில் தைக்கவும். எத்தனை பட்டை ஆனாலும் விதி இது ஒன்றுதான்: கடைசிப் பட்டை மேலே, புதுப் பட்டை வலப்பக்கம்.

4. வெளிர் இரண்டு, அடர் இரண்டு. பிறகு மறுபடி வெளிர் இரண்டு, அடர் இரண்டு. நான்கு சுற்று. வெளிர்ப் பட்டைகள் எப்போதும் அதே இரண்டு பக்கத்தில்தான் சேர வேண்டும். இடம் மாறியிருந்தால் திருப்பும்போது தவறிவிட்டது என்று அர்த்தம், உடனே பிரித்துவிடுங்கள்.

5. நாலைந்து கட்டத்தை ஒன்றாகத் தைத்தால் நேரம் மிச்சம். முதல் கட்டத்தின் பட்டையைத் தைத்து முடித்து, நூலை அறுக்காமல் அடுத்த கட்டத்தை ஊசிக்குக் கீழே விடுங்கள். பூத் தொடுப்பது போல வரிசையாக வந்துவிடும். பிறகு மொத்தமாக அறுத்துக்கொள்ளலாம்.

அரை நூல் செய்த வேலை

இப்போது அந்தக் குழுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நாலு பேர், ஆளுக்கு நாலு கட்டம் தைத்தார்கள். 16 கட்டத்தையும் தரையில் அடுக்கினோம். ஒன்றோடு ஒன்று சேரவில்லை. சில கட்டம் பெரிசு, சில கட்டம் சிறிசு. எப்படியோ இழுத்துப் பிடித்துத் தைத்துக் கொண்டுபோய் ஒரு கடையில் காட்டினார்கள். "ஓரமெல்லாம் கோணல், நடுவுல துணி உப்பிக்கிட்டு நிக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஒரே சத்தம். வாங்கிய உள்கடனுக்கு யார் பதில் சொல்வது? நாலு பேரில் ஒருவர் பள்ளிக்கூடம் போகாதவர், ஐம்பது வயது இருக்கும். டேப்பில் எண் படிக்க வராது. "அந்தக்காவுக்கு அளவு தெரியாது, அவங்க தைச்சதுதான் சின்னதாப் போச்சு" என்று எல்லோரும் அவரைக் கைகாட்டினார்கள். அவருடைய கூலியில் துணிக்காசைப் பிடிப்பது என்று தீர்மான நோட்டிலும் எழுதிவிட்டார்கள். அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. "நான் மிஷின விட்டுடறேன்மா" என்றார் என்னிடம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. விரிப்பைப் பிரித்து, கட்டம் கட்டமாக அளந்தோம். அந்த அக்கா தைத்த நாலும் 7½ இஞ்ச். நாலுமே 7½, ஒரு நூல் கூட வித்தியாசம் இல்லை. மற்ற மூன்று பேர் தைத்தது? ஒன்று 8½, ஒன்று 8, ஒன்று 8¼, ஒரே கட்டத்தில் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 8½. உண்மையில் கை ஆடாமல் தைத்தவர் அந்த அக்காதான்!

அப்படியானால் ஒரு இஞ்ச் எங்கே போனது? கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல் என்பது நமக்குத் தெரியும். கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். அக்கா இரண்டரை நூல் விட்டுத் தைத்திருக்கிறார். அரை நூல்தான் கூடுதல். ஆனால் ஒரு தையலில் இரண்டு துணி இருக்கிறது, ஆளுக்கு அரை நூல் உள்ளே போனால் தையலுக்கு ஒரு நூல் போச்சு. கட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எட்டுத் தையல். எட்டு நூல், ஒரு இஞ்ச்!

"பட்டை ஒவ்வொண்ணும் கொஞ்சம் நீளமா மிஞ்சிச்சு மேடம். நீங்க வெட்டினது அதிகம்னு நெனச்சு நான் கத்தரிச்சு விட்டுட்டேன்" என்றார் அக்கா. விஷயமே அதில்தான் இருந்தது. பட்டை மிஞ்சுகிறது என்றால் தையல் அதிகம் போகிறது என்று அர்த்தம். பட்டை போதவில்லை என்றால் தையல் குறைவாகப் போகிறது. இரண்டில் எது நடந்தாலும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். மிஷினை நிறுத்திப் பாருங்கள்.

முதல் சுற்றிலேயே இதைப் பிடித்திருக்கலாம். 4 வர வேண்டிய இடத்தில் 3¾ வந்திருக்கும். அப்போதே பார்த்திருந்தால் நாலு பட்டை பிரிப்பதோடு போயிருக்கும். கடைசியில் பார்த்ததால் எல்லாம் போனது.

ரவிக்கை தைத்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின்னால் பிரித்து விடுவதற்காக அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் விடுவது நம் கைப்பழக்கம். இங்கே அரை இஞ்ச் விட்டால் 1 இஞ்ச் வெளிர்ப் பட்டை முழுவதும் தையலுக்குள்ளேயே போய்விடும். வெளியே தெரியவே தெரியாது.

செலவில்லாத இரண்டு வழி

முதல் வழி, பிளாஸ்திரி. ஊசி முனையிலிருந்து வலப்பக்கம் சரியாகக் கால் இஞ்ச் அளந்து, மிஷின் மேல் கையில் ஒட்டுகிற பிளாஸ்திரியை மூன்று நாலு அடுக்காக ஒட்டுங்கள். சின்ன வரப்பு போல நிற்கும். துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும். கண்ணால் அளக்க வேண்டாம்.

ஒட்டியது சரியா என்று சோதிக்க, 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று துண்டு பட்டையை வரிசையாகத் தைத்து இஸ்திரி போடுங்கள். மொத்தம் 3½ இஞ்ச் வர வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் தெரிய வேண்டும். வராவிட்டால் பிளாஸ்திரியை நகர்த்துங்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் இதைச் செய்ய வேண்டும். குழுவில் நாலு மிஷின் என்றால் நாலும் ஒரே அளவில் தைக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இரண்டாம் வழி, அட்டை. பழைய காலண்டர் அட்டையில் 4, 5½, 7, 8½ இஞ்ச் சதுரம் நாலு வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கட்டத்தின் மேல் அட்டையை வைத்துப் பாருங்கள். துணி அட்டைக்கு வெளியே வந்தாலும் தப்பு, அட்டை துணிக்கு வெளியே தெரிந்தாலும் தப்பு. எண் படிக்கத் தெரிய வேண்டியதே இல்லை. அட்டையில் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, மூன்று, நான்கு என்று வைத்தால் எந்தச் சுற்றுக்கு எது என்றும் தெரிந்துவிடும்.

பிளாஸ்திரி ஒட்டிய பிறகு அந்த அக்கா தைத்த கட்டங்கள் எல்லாம் 8½. அட்டையை முதலில் கையில் எடுத்தவரும் அவர்தான். "புள்ளி தப்பாப் போச்சுன்னா அப்புறம் கோலம் எப்படி வரும்? முதல் புள்ளியிலேயே பாக்கணும்" என்றார். அடுத்த கூட்டத்தில் பழைய தீர்மானத்தை ரத்து செய்து நோட்டில் எழுதினார்கள். பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது அந்தக் குழுவில் யார் தைத்த கட்டமானாலும் அக்கா அட்டை வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்த்துத் தைக்கிறார்கள்.

கட்டங்களைச் சேர்ப்பது

நாலு கட்டத்தைத் தரையில் வையுங்கள். அகலமான அடர்ப் பட்டைகள் சேரும் மூலை நாலும் நடுவில் சந்திக்கும்படி வைத்தால், நடுவில் அடர் நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். அப்படியே திருப்பி, ஒல்லியான வெளிர் மூலை நாலும் நடுவில் சந்தித்தால், நாலு முனை உள்ள நட்சத்திரம் வரும். வட்டத்திற்குப் பக்கத்தில் வட்டம் வைத்துக்கொண்டே போனால் நாலு வட்டத்துக்கு நடுவில் தானாகவே ஒரு நட்சத்திரம் உண்டாகும். தைப்பதற்கு முன் எல்லாவற்றையும் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று ஒருமுறை பாருங்கள். ஒரு கட்டம் திரும்பியிருந்தால் அங்கேதான் தெரியும்.

முதலில் இரண்டிரண்டாகத் தைத்து, பிறகு வரிசையாக, பிறகு வரிசையோடு வரிசை. 16 கட்டம் சேர்த்தால் 32 இஞ்ச் சதுரம். சின்னக் குழந்தைக்குப் போதுமான விரிப்பு.

அடித்துணியாகப் பழைய காட்டன் சேலையை 36 இஞ்ச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் பழைய சேலை இரண்டு மடிப்பு அல்லது பழைய டவல். மூன்றையும் சுருக்கம் இல்லாமல் பரப்பி, பெரிய பெரிய தையலாகப் போட்டு அசையாமல் பிடித்து வையுங்கள். பின்னால் அதைப் பிரித்துவிடலாம். பிறகு நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி, பட்டை ஓரத்தை ஒட்டிக் கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். கடைசியாக மேல்துணி, நடுத்துணி இரண்டையும் சமமாக வெட்டி, அடித்துணியை மட்டும் சுற்றிலும் 1 இஞ்ச் வெளியே விட்டு, இரண்டு மடிப்பாக மேல்பக்கம் கொண்டுவந்து தைத்தால் ஓரம் முடிந்தது.

விலை சொல்வதற்கு முன்

அந்தக் குழு இரண்டாவது விரிப்பைத் தைக்கும்போது நேரத்தையும் எழுதச் சொன்னேன். துணி பிரித்து வெட்ட 3 மணி, 16 கட்டம் தைக்க 8 மணி, சேர்க்க 2 மணி, கைத்தையல் 8 மணி, ஓரம் 1 மணி. மொத்தம் 22 மணி நேரம். துணி, நூல், கரண்ட் சேர்த்து 150 ரூபாய்.

விரிப்பை 500 ரூபாய்க்குக் கேட்டு ஒருவர் வந்தார். கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். 500-ல் 150 போனால் 350. அதை 22-ஆல் வகுத்தால் மணிக்கு 16 ரூபாய் கூட இல்லை. "வெட்டுத்துணிதானே" என்று வாங்குகிறவர் சொல்வார். துணி வேண்டுமானால் மிஞ்சியதாக இருக்கலாம், நம்முடைய 22 மணி நேரம் மிஞ்சியது இல்லை. மணிக்கு 50 ரூபாய் வைத்தாலே 1,250 ரூபாய் ஆகிறது.

அந்த விலைக்கு வாங்குகிறவர் உடனே கிடைக்காவிட்டால் சின்னதிலிருந்து ஆரம்பியுங்கள். நாலு கட்டம் சேர்த்தால் 16 இஞ்ச் சதுரம், அதாவது ஒரு குஷன் உறை, நடுவில் ஒரு முழு வட்டம். கைத்தையல் இல்லாமல் 4 மணி நேரத்தில் முடிகிறது. கூலி 200, பொருள் 50, ஆக 250 ரூபாய். மகளிர் திட்டக் கண்காட்சிகளில் இது போன்ற சின்னப் பொருளை வைத்துப் பார்க்கலாம். கூலியைக் கட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். அட்டைக்குச் சரியாக வந்த கட்டத்துக்குக் கூலி, வராத கட்டத்தைத் தைத்தவரே பிரித்துத் தைக்க வேண்டும். இதைத் தைப்பதற்கு முன்பே தீர்மானமாக எழுதுங்கள். கோணலாகிப் போனபின் எழுதினால் வாயில்லாத உறுப்பினர் தலையில்தான் விழும்.

வேறு ஊர்ப் பெண்கள்

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு ஊர். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் வாழும் இடம். அந்தப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளையும் சாக்குத் துணியையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள். லாக் கேபின் போன்ற மாதிரிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹவுஸ்டாப்', வீட்டுக்கூரை. 1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவை ஆரம்பித்தார்கள். 1972-ல் சியர்ஸ் என்ற பெரிய கம்பெனிக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அதில் மிஞ்சிய வெட்டுத்துணியை வீட்டுக்கு எடுத்துப்போய் தங்களுக்கென்று போர்வை தைத்துக்கொண்டார்கள். 2002-ல் அந்த ஊர்ப் போர்வைகள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டி வைக்கப்பட்டன. 2006-ல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தன.

அவர்களும் நம்மைப் போலவே மிஞ்சிய துணியில் தைத்தவர்கள்தான். வீட்டுக்குத் தைக்கும்போது கோணலாக இருந்தாலும் அழகுதான், அளவு பார்க்க வேண்டியதில்லை. நாலு பேர் தைத்ததை ஒன்றாகச் சேர்த்து விற்கும்போது மட்டும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

* தையலுக்குக் கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல். எல்லா மிஷினிலும் பிளாஸ்திரி ஒட்டிச் சோதிக்கவும்.
* 4, 5½, 7, 8½. சுற்று முடிந்ததும் அட்டை வைத்துப் பார்க்கவும்.
* கடைசிப் பட்டை மேலே, புதுப் பட்டை வலப்பக்கம்.
* பட்டை மிஞ்சினால் வெட்டாதீர்கள், ஏன் மிஞ்சியது என்று பாருங்கள்.
* நேரத்தை எழுதாமல் விலை சொல்லாதீர்கள்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்திற்கு அட்டைகளும் ஒரு மாதிரிக் கட்டமும் கொண்டுவருகிறேன். குழுவுக்கு ஒருவராவது காலண்டர் அட்டை, கத்தரிக்கோல், டேப் எடுத்துக்கொண்டு வாருங்கள். அங்கேயே அளந்து வெட்டிக்கொள்ளலாம். நான் சொன்ன அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சந்தேகத்தை அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்